ஏரிச் சேற்றில் சாமான் இழுக்க ஒரு சறுக்கு வண்டி

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துத் தூண்டில்காரர்களுக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் சேர்ந்தே வரும். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் கூடி நிற்கும். ஜிலேபிக் கெண்டை தக்கையை ஆட்டிக்கொண்டே இருக்கும். விரால் ஓரப் புல்லுக்கு வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். ஆனால் அந்தத் தண்ணீருக்கும் நீங்கள் பைக்கை நிறுத்திய இடத்துக்கும் நடுவில் சேறு கிடக்கும். சில இடத்தில் நூறடி, சில இடத்தில் அரை கிலோமீட்டர்.

நம் ஏரிகளின் அமைப்பே அப்படி. ஒரு பக்கம் கரை, மதகு, ஆழம். எதிர்ப்பக்கம் உள்வாய், அங்கே தரை கண்ணுக்குத் தெரியாத சரிவாகத்தான் ஏறிப் போகும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடிதான்; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இவ்வளவு குறைந்த உயரத்தில் அவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டுமானால் அது எவ்வளவு பரந்து கிடக்க வேண்டும்! மட்டம் ஓர் அடி இறங்கினால் உள்வாயில் தண்ணீர் விளிம்பு வெகுதூரம் பின்வாங்கிவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்குமே ஏறக்குறைய வறண்டு போயின. அந்த மாதிரி வருடத்தில் தூண்டிலைப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான். மற்ற வருடங்களில் விளிம்பைத் தேடி நடக்க வேண்டும்.

கரையிலேயே உட்கார்ந்து போட்டால் என்ன என்று கேட்கலாம். பெரிய ஏரிகளில் கரையும் மதகும் காவலில் இருக்கின்றன. ஊருக்குள் இருக்கும் ஏரிகளில் கரை முழுக்க நடைப்பயிற்சிக்காரர்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரி 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டுவிட்டது. அங்கே குடும்பத்தோடு போய்ப் படகு பார்க்கலாம், தூண்டில் பையோடு போகக் கூடாது. ஆக, நமக்கு மிஞ்சுவது உள்வாய்.

சாமான்களைக் கணக்கு பார்ப்போம். இரண்டு ரீல் தூண்டில், ஒரு மூங்கில் தூண்டில், முள்ளும் ஈயக்குண்டும் இருக்கிற பெட்டி, மடக்கு நாற்காலி, குடை, ஐந்து லிட்டர் தண்ணீர், இரை டப்பா, சாப்பாடு. இதோடு பார் ஐஸ் உடைத்துப் போட்ட ஐஸ் பெட்டி. எல்லாம் சேர்ந்தால் 25 கிலோ பக்கம் வரும். தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தால், தண்ணீரைப் பார்ப்பதற்குள் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றிவிடும். அந்த 25 கிலோவும் உங்கள் கால் வழியாகத்தான் சேற்றை அழுத்துகிறது என்பது இன்னொரு தொல்லை. அந்தச் சுமையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் பரப்பும் வண்டியைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

பனிக்காரரும் பரம்புக்காரரும்

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் பக்கத்திலும் பின்லாந்திலும் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன் மேலேயே நடந்து போய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். சாமான்களைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் போட்டு இழுப்பார்கள். புதுப்பனி விழுந்து கொஞ்சம் உருகினால் அந்தத் தொட்டியின் அடிவயிறு சகதியில் ஒட்டிக்கொள்ளும். அதற்காக, தேய்ந்துபோன பழைய பனிச்சறுக்குப் பலகை இரண்டை வாங்கி, மேலே ஒரு சட்டம் அடித்து, அதில் தொட்டியை ஏற்றிவிடுவார்கள். ஸ்மிட்டி ஸ்லெட் என்று அமெரிக்காவில் இதற்குப் பெயர். பலர் இதை வீட்டிலேயே அடித்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் அரியாகே கடலோரச் சேற்றுவெளியில் ஒற்றைப் பலகை போதும். ஒரு முழங்காலை அதில் ஊன்றி, மறுகாலால் உந்திக்கொண்டு போய் மீன் பிடிக்கிறார்கள்.

இதற்காக ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. திருமழிசை, நேமம் பக்கம் நடவுக்கு முன்னால் சேற்றைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மாடு இழுக்கும், ஓட்டுகிறவர் பலகை மேல் ஏறி நிற்பார். அவர் கீழே இறங்கினால் கால் புதையும். பலகை மேல் நிற்கிறவரை வழுக்கிக்கொண்டே போவார். எடை ஒன்றுதான், அது பரவும் பரப்பு வேறு.

கணக்கு இது. 65 கிலோ ஆள் நடக்கும்போது முழு எடையும் ஒரு நேரத்தில் ஒரு பாதத்தில்தான் விழும். பாதத்தில் தரையைத் தொடும் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், அழுத்தம் ச.செ.மீ.க்கு 0.43 கிலோ. நாம் கட்டப்போகும் வண்டியின் இரண்டு சறுக்குகளும் ஒவ்வொன்றும் 110 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், மொத்தம் 2,640 ச.செ.மீ. வண்டியும் சாமானுமாக 35 கிலோ என்றால் ச.செ.மீ.க்கு 0.013 கிலோதான். உங்கள் பாதத்தைவிட முப்பது மடங்குக்கு மேல் குறைவு. ஆவடியில் கட்டிய அர்ஜுன் டாங்கி 58 டன்னுக்கு மேல். அதன் அகலமான சங்கிலிப் பட்டையால் அழுத்தம் ச.செ.மீ.க்கு 0.84 கிலோவில் நிற்கிறது. நம் பாதத்தைப் போல இரண்டு மடங்குதான். ஆவடிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த முப்பது மடங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சுலபமாக ஓடுவதற்கும் அதுதான் காரணம், வண்டியால் வரும் ஆபத்துக்கும் அதுதான் காரணம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

சறுக்கு: நீல டிரம்மிலிருந்து

பனிச்சறுக்குப் பலகைக்கு நாம் எங்கே போவது? தேவையும் இல்லை. நம்மூரில் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் போதும். அது எச்.டி.பி.இ. என்ற வகை. சேறு அதில் பிடிக்காது, வேலிக்காத்தான் முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது, கல்லில் இடித்தால் கீறல் விழுமே தவிர உடையாது. பி.வி.சி. குழாயைப் பிளந்து சறுக்காகப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வெயிலில் கிடக்கக் கிடக்க பி.வி.சி. மொறமொறவென்று ஆகி, கரைக் கல்லில் பட்டால் பிளந்துவிடும். அதை விடுங்கள்.

டிரம் வாங்கும்போது மட்டும் கண் வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி இருக்கும் பழைய சாமான் கடைகளில் டிரம் மலையாகக் கிடக்கும். எதில் என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. எண்ணெய், ஊறுகாய், பழச்சாறு, குளுக்கோஸ் பாகு வந்த டிரம்மாகக் கேட்டு வாங்குங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். தின்னர் நெடியோ, அமில நெடியோ, மண்டையோட்டுப் படம் போட்ட லேபிளோ இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அறுக்கும் சூட்டில் உள்ளே தங்கிய ஆவி பற்றிக்கொள்ளக்கூடும். அப்படி ஆகாமல் தப்பினாலும் அந்த விஷத்தை ஏரியில் கொண்டுபோய்த் தேய்க்கப் போவது நீங்கள்தான்.

இப்போது அறுப்பு. பலரும் டிரம்மை நீளவாக்கில் பிளப்பார்கள். நமக்கு வேண்டியது குறுக்குவாக்கில். டிரம்மின் குறுக்களவு ஏறக்குறைய 58 செ.மீ.; சுற்றளவு 180 செ.மீ. சொச்சம். உடம்பில் இருக்கும் தடித்த வளையங்களுக்கு நடுவே வழவழப்பான பகுதியில், 12 செ.மீ. அகலத்துக்குச் சுற்றிலும் கோடு போட்டு, வளையம் வளையமாக இரண்டு அறுத்துக்கொள்ளுங்கள். ஜிக்சா இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஹேக்சா பிளேடு என்றால் வியர்வை கொட்டும், ஆனால் ஆகும். ஒவ்வொரு வளையத்தையும் ஓரிடத்தில் வெட்டினால் 180 செ.மீ. பட்டை கிடைக்கும். 150 வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுங்கள்.

இப்படி அறுப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பட்டையில் டிரம்மின் வளைவு இயல்பாகவே இருக்கும். பின்னால் 110 செ.மீ. தட்டையாக்கி மரத்தில் அறைந்துவிட்டு, முன்னால் 40 செ.மீ.யை அப்படியே விட்டால், அது தானாக மேல்நோக்கி வளைந்து மூக்காகிவிடும். சறுக்கின் மூக்கு நிமிராவிட்டால் வண்டி சேற்றை உழும். காய்ச்சி வளைக்கிற வேலை, அச்சு, ஹீட் கன் எதுவும் வேண்டாம். தட்டையாக வேண்டிய பகுதியை மட்டும் மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் கவிழ்த்துப் போட்டு, மேலே சிமெண்ட் பிளாக் வரிசையாக வையுங்கள். சித்திரை வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் முரட்டுத்தனம் பாதி குறைந்துவிடும். மிச்சத்தைத் திருகாணி அடக்கும்.

பட்டைக்கு மேலே 12 மி.மீ. மெரைன் பிளைவுட், 110 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், இரண்டு துண்டு. ஓரத்துக்கெல்லாம் பெயின்ட் அடித்து ஊற விடாமல் செய்யுங்கள். பிளைவுட் அழுகுவது எப்போதும் ஓரத்திலிருந்துதான். பட்டையை இதன் அடிப்பக்கம் வைத்துத் திருகாணி போட வேண்டும். பசை எதையும் நம்பாதீர்கள். எச்.டி.பி.இ.யில் ஃபெவிகால் ஒட்டாது, எம்-சீல் ஒட்டாது, அரால்டைட்டும் உரிந்து வந்துவிடும். அந்தப் பிளாஸ்டிக்கின் குணமே எதையும் ஒட்டவிடாதது. அதனால்தான் சேறும் ஒட்டுவதில்லை.

திருகாணித் துளையில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நன்றாக நீளும். விடியற்காலைக் குளிர்ச்சிக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே 30 டிகிரி வித்தியாசம் வந்தால் ஒரு மீட்டர் பட்டை நாலைந்து மில்லிமீட்டர் நீளும். மரம் அவ்வளவு நீளாது. எல்லாத் துளையையும் இறுக்கமாகப் போட்டால் நடுவில் பட்டை பொங்கி எழும்பி, அந்த இடுக்கில் சேறு புகுந்துகொள்ளும். எனவே பின்முனையில் இரண்டு துளை மட்டும் திருகாணி அளவுக்கு. மற்றவற்றை நீளவாக்கில் கொஞ்சம் நீட்டி, ஓட்டைக்குள் திருகாணி நகர இடம் விட்டுப் போடுங்கள். 15 செ.மீ.க்கு ஒன்று என்ற கணக்கு போதும். தலை பட்டைக்குள் அமுங்கியிருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள். தட்டுப்படுகிற ஒவ்வொரு தலையும் சேற்றில் ஒரு பிரேக்.

சட்டம்

ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய், மெல்லிய கேஜ். தெருமுனை வெல்டிங் பட்டறையிலேயே முடியும். மேல்சட்டம் 135 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம்; நடுவில் இரண்டு குறுக்கு. ஒவ்வொரு சறுக்குக்கும் மூன்று நிற்கும் கால்கள். அடியில் உள்ளங்கை அளவு இரும்புத் தகடு, தகட்டிலிருந்து பிளைவுட்டுக்கு போல்ட். கால்கள் கொடுக்கும் உயரம், சறுக்கின் அடியிலிருந்து சட்டம் வரை 20 செ.மீ. வெல்டர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

“ஏன் சார் இவ்ளோ ஹைட்டு? கவுந்துடாதா?”

“சேத்துல வயிறு ஒட்டக் கூடாதுண்ணே, அதுக்குத்தான்” என்று சொல்லுங்கள்.

அதுதான் விஷயம். தட்டையான அடி முழுவதும் ஈரக் களிமண்ணில் படிந்தால் அடியில் காற்று புக வழியிருக்காது. வெற்றிடம் உண்டாகிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குறுகலான சறுக்கில் இரண்டு பக்கமும் காற்று புகும். நான்கைந்து விரற்கடை சறுக்கு அமுங்கினாலும் சட்டம் சேற்றைத் தொடாது. வெல்டர் பயப்படுவது போலக் கவிழாமல் இருக்க, இரண்டு சறுக்குக்கும் நடுவே மையத்துக்கு மையம் 45 செ.மீ. இருக்கட்டும். அதற்கு மேல் அகலித்தால் வேலிக்காத்தான் புதருக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் சிக்கிக்கொள்ளும்.

மூக்கு எங்கே முடிகிறது? வளைந்த பட்டை மேலே ஏறி, ஏறக்குறைய சட்டத்தின் முன்குறுக்கைத் தொடும். 29 செ.மீ. ஆரமுள்ள வளைவு அந்த உயரத்துக்கு வரும் அளவுதான் அந்த 40 செ.மீ. அங்கே ஒரு போல்ட் போட்டுப் பிடித்து, துருத்துவதை அறுத்துவிடுங்கள். மூக்கு இப்போது கல்லில் முட்டினாலும் வில்லாக வளைந்து கொடுக்கும்.

பைக்கில் போகிறவர்களே நம்மில் அதிகம். அவர்கள் கால்களைச் சட்டத்தோடு சேர்த்து வெல்டு செய்ய வேண்டாம். சட்டத்தில் குட்டைக் குழாய் வைத்து, கால் அதில் நுழைந்து பட்டர்ஃபிளை நட்டில் இறுகும்படி செய்யச் சொல்லுங்கள். பிரித்தால் இரண்டு சறுக்கு, ஒரு சட்டம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், அந்த வண்டியில் ஏறாத சாமான் இந்தப் பக்கத்தில் கிடையாது.

வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு ஒரு கோட், பெயின்ட் ஒரு கோட். கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் இரும்பு ஒரே சீசனில் பொரிந்துவிடும்.

மேலே பலகை அடிக்காதீர்கள். பலகை எடை கூட்டும், சேறு தேக்கும். காய்கறி மார்க்கெட்டில் புழங்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை நீளவாக்கில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினால் போதும். ஐஸ் பெட்டியும் தண்ணீர் கேனும் பின் கிரேட்டில் அடியில். கனம் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால்தான் மூக்கு நிமிர்ந்து நிற்கும். தூண்டில்களை நிமிர்த்தி வைக்க வேண்டாம். மூன்று அங்குலக் குழாயில் படுக்க வைத்து மூடி போட்டுச் சட்டத்தின் பக்கத்தில் கட்டுங்கள். முள்மரத்தில் மாட்டாது. கார்பன் தூண்டில் மின்கம்பிப் பக்கம் நிமிர்ந்து போவதும் நல்லதல்ல.

சக்கரம்

சறுக்கு சேற்றுக்கு மட்டும். பைக் நிற்கும் இடத்திலிருந்து சேறு தொடங்கும் வரை சரளைப் பாதையில் இழுத்தால் பிளாஸ்டிக் சீவித் தேய்ந்துவிடும். எனவே கழற்றி மாட்டும் சக்கரம் இரண்டு. பழைய சைக்கிள் சக்கரம் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும், அதுவும் டி.ஐ. சைக்கிள்ஸ் ஊரான அம்பத்தூரில் கிடைக்காமலா போகும்! ஆனால் சைக்கிள் சக்கரத்தின் மெல்லிய அச்சு இரண்டு பக்கமும் ஃபோர்க்கில் தாங்கும்படி செய்தது. ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் வளைந்துவிடும். தள்ளுவண்டிக்குப் போடும் 10 அங்குலக் கெட்டி ரப்பர் சக்கரம் வாங்குங்கள். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். காற்றடிக்கும் டயர் வேண்டாம், முள்ளுக்குத் தீனியாகிவிடும்.

அச்சுக் கம்பி நுழைய, பின்னாலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில் கால்கள் இருந்தால் அவற்றிலோ, இல்லாவிட்டால் தனியாக ஒரு ஜோடிக் கால் வைத்தோ, தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் சிறு குழாய்த் துண்டு வெல்டு செய்யுங்கள். சக்கரத்தின் ஆரம் பன்னிரண்டரை. எனவே சறுக்கு நாலரை செ.மீ. தூக்கிக்கொள்ளும். ஸ்பிளிட் பின் போட்டுப் பூட்டி, முன்சட்டத்தைக் கையால் தூக்கித் தள்ளிக்கொண்டு போகலாம். சேறு வந்ததும் அச்சை உருவி மேலே கட்டிவிடுங்கள். அச்சை அப்படியே விட்டால் அது குறுக்கே கிடந்து சேற்றை வாரும்.

எல்லாம் சேர்த்து வண்டி 10 கிலோவுக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் வெல்டர் தடித்த குழாய் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

இழுப்பது

கயிறு பாலிப்ரொப்பிலீன், விரல் தடிமன். அது தண்ணீரில் மிதக்கும், நைலான் முழுகும். இரண்டு மூக்கிலிருந்தும் கயிறு கவையாக வந்து, ஒரே கயிறாகி, உங்கள் கை வரை இரண்டரை மீட்டர் இருக்கட்டும். கட்டையாக இருந்தால் இழுக்கும் விசையில் பாதி மூக்கைத் தூக்கவே செலவாகும், பின்பக்கம் புதையும். கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள். அகலமான பெல்ட்டை ஒரு தோளில் மாலையாகப் போட்டு, ஒரே உதறலில் விடுபடும்படி வையுங்கள்.

வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது; ஒரே சீராக நடக்க வேண்டும். நின்றால் சறுக்கு படியும், மறுபடி கிளப்பத்தான் பலம் போகும். படிந்துவிட்டால் நேராக இழுக்காமல் மூக்கைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளி, காற்று புகவிட்டு இழுங்கள். கரைச் சரிவில் இறங்கும்போது வண்டியை முன்னால் விட்டு, நீங்கள் மேலே நின்று கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். முன்னால் நீங்கள் இறங்கினால் வண்டி வழுக்கி வந்து கணுக்காலில் இடிக்கும்.

காலுக்குக் கயிறு இறுக்கிக் கட்டும் கேன்வாஸ் ஷூ. கம்பூட்டைச் சேறு பிடித்துக்கொண்டு காலை மட்டும் விடும். வெறுங்கால் கூடவே கூடாது. நம் ஏரி ஓரங்களில் பாட்டில் உடைசல் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காலில் புண் இருந்தால் அந்த வாரம் ஏரிச் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

சேற்றைப் படிப்பது

உறைந்த ஏரியில் நடக்கிறவர்கள் துளை போட்டுப் பனிக்கட்டியின் தடிமனை அளந்த பிறகே அடுத்த அடி வைப்பார்கள். தெளிந்த கட்டி நாலு அங்குலமாவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்பது அங்கே பொதுக்கணக்கு. சேற்றுக்கு அப்படி ஒரு அட்டவணை இல்லை. நம்மிடம் இருப்பது ஆறடி மூங்கில் கழி.

ஒரு கையால், உடம்பின் பாரம் போடாமல் கழியை அழுத்துங்கள். கணுக்கால் வரை போய் நின்றால் நடக்கலாம். முழங்காலைத் தாண்டியும் வழுக்கிக்கொண்டு இறங்கினால் திரும்புங்கள். பாளம் பாளமாக வெடித்து வெளுத்துக் கிடக்கும் மண் பெரும்பாலும் தாங்கும். கறுத்து, மினுமினுப்பாக, மேலே மெல்லிய ஏடு படிந்திருப்பது தாங்காது. எருமைக் குளம்புத் தடம் போகும் பாதை நல்ல பாதை. மாடுகள் நம்மைவிடக் கனம், நம்மைவிட எச்சரிக்கை. ஆகாயத்தாமரை தரைதட்டிப் பாயாக விரிந்து கிடந்தால் அதன் மேல் கால் வைக்காதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று அந்தச் செடிக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட மோசமானது மண் எடுத்த பள்ளம். ஏரிகளில் வண்டல் மண்ணும் களிமண்ணும் எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் அரசு அனுமதி தருகிறது, நல்ல காரியம்தான். ஆனால் ஜேசிபி தோண்டிய பள்ளம் அடுத்த மழையில் சேறு நிரம்பி, சுற்றியுள்ள தரையோடு தரையாக, மட்டமாகத் தெரியும். அதன் ஓரம் சரிவாக இருக்காது, செங்குத்தாக இருக்கும். போன வருடம் எங்கே தோண்டினார்கள் என்று அங்கே மாடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். “தாத்தா, இந்தப் பக்கம் பள்ளம் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், தண்ணீர் வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இப்போது அந்த முப்பது மடங்குக்கு வருவோம். எந்தச் சேறு உங்களைத் தாங்காதோ அந்தச் சேற்றிலும் வண்டி வழுக்கிக்கொண்டு வரும். இழுப்பதற்குக் கொஞ்சமும் சிரமம் இருக்காது. பின்னால் பாரம் தெரியாததால், இடம் கெட்டியாக இருக்கிறது என்று மனம் நம்பிவிடும். ஆகவே வண்டியின் இழுப்பை வைத்துத் தரையை மதிப்பிடாதீர்கள். கழியும் உங்கள் காலும் சொல்வதை மட்டும் கேளுங்கள். இதைக் கடைப்பிடிக்க மனமில்லாதவர் இந்த வண்டியைக் கட்டவே வேண்டாம். தோளில் 25 கிலோ இருந்தால் அவராகவே பாதி வழியில் திரும்பிவிடுவார்.

கால் முழங்கால் வரை இறங்கிவிட்டால் உதறாதீர்கள். உதற உதற இன்னும் கீழே போகும். கயிற்றைப் பிடித்து வண்டியை அருகில் இழுங்கள். கிரேட்டைத் தள்ளிவிட்டுச் சட்டத்தின் மேல் வயிறு பட விழுந்து படுங்கள். உங்கள் எடை இப்போது சறுக்கு முழுவதும் பரவும். வண்டியும் ஆளும் சேர்ந்தால்கூட ச.செ.மீ.க்கு 0.03 கிலோவுக்குப் பக்கம்தான். ஒரு காலை மெதுவாகச் சுழற்றித் தண்ணீரும் காற்றும் புகவிட்டு உருவி, பிறகு மறுகால். அதன் பின் எழுந்து நிற்காமல், அரியாகே மீனவர்களைப் போல முழங்கால் ஊன்றி வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

அனுமதி, நேரம்

பெரிய ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. ஊர் ஏரிகளில் ஏலம் எடுத்தவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலும், “வலைப் பக்கம் மட்டும் வராதீங்க சார்” என்பதோடு முடியும். குடிநீர் ஏரிகளில் அறிவிப்புப் பலகை வைத்த எல்லைக்குள் வண்டியை இறக்காதீர்கள். சித்திரை, வைகாசி சாயங்காலங்களில் மேற்கே கறுத்தால் உடனே கிளம்புங்கள். திறந்த ஏரிப் படுகையில் கார்பன் தூண்டிலோடு நிற்கிற ஆள்தான் இடிக்கு மிக உயரமான இலக்கு. சேற்றைத் தாண்டவே நேரம் ஆகும் என்பதால் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூட்டை கட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சறுக்கைத் தண்ணீர் அடித்துக் கழுவி, திருகாணிகளை ஒருமுறை தடவிப் பார்த்து, வெயில் படாத இடத்தில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். பட்டை தேய்ந்தால் கவலை இல்லை. அதே டிரம்மில் இன்னும் இரண்டு பட்டைக்கு இடம் இருக்கும்.

தனியாக மட்டும் போகாதீர்கள். கூட ஒருவர் வர வேண்டும். அவரிடமும் ஒரு கயிறு இருக்க வேண்டும். எந்த ஏரி, எந்தப் பக்கம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.